ஒரு வாரம் பாருங்க, பழகிடும்

அவருக்குக் கண்ணடிக்காரர் என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று தெரியாது. ஏதோ ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். இடது கண்ணை இறுக மூடிக்கொள்வார். வலது கண்ணால் மட்டும் திரையை முறைத்தபடி ரிமோட்டை அழுத்துவார். பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, மனிதர் செய்தி வாசிக்கும் பெண்ணைப் பார்த்து விடாமல் கண்ணடிப்பது போலத் தோன்றும். முகத்துக்கு நேரே எல்லோரும் 'சார்' என்பார்கள், வாசலைத் தாண்டியதும் கண்ணடிக்காரர்தான். அவருக்கும் இது தெரியும். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டார்.

வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டரின் படத்தைச் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். ரிப்பேர் அல்ல. ரிப்பேர்காரர் வந்திருக்கிறார் என்று யாராவது உள்ளே குரல் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் டீ கூடக் குடிக்க மாட்டார். கடையில் வரிசையாக நிற்கிற டிவிகளுக்கு நடுவே தன்னுடையதுதான் கண்ணைப் பறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அதற்குள் ஆயிரத்தெட்டு வித்தைகளை முடுக்கிவிட்டு அனுப்புகிறான். வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டிய பிறகும் அது கடையில் நிற்பதாகவே நினைத்துக் கூவிக்கொண்டிருக்கும். புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று ஒரு வசதி, முகத்துச் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்து ஆளை மெழுகு பொம்மையாக்கிவிடும். அசைவை வழுவழுப்பாக்குகிறேன் என்று இன்னொன்று. அதைப் போட்டால் கொட்டிக் கொட்டிச் செலவழித்து எடுத்த படமும் பக்கத்து வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரி ஆகிவிடும். போதாததற்கு, இதே வேலைகளை, டிவிக்குப் படத்தை அனுப்புகிற ரிசீவர் பெட்டி ஒரு தடவை செய்து அனுப்பும், டிவி மறுபடியும் ஒரு தடவை செய்யும். அவர் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அணைப்பார்.

"ஒரே சட்டையை ரெண்டு பேர் துவைச்சா என்ன சார் ஆகும்? கிழியும். யாராவது ஒருத்தர் சும்மா இருக்கணும்," என்பார்.

கல்யாண வீடியோவைப் பற்றி அவர் ஏளனமாகப் பேசுவதற்கு உரிமை உண்டு. இளமையில் அவரே கல்யாண வீடியோ எடுத்தவர்தான். கேமராவின் சின்னக் கண்ணாடியில் வலது கண்ணை வைத்து, இடது கண்ணை மூடி, வருடக்கணக்கில் மாப்பிள்ளை பெண்களைப் பார்த்த பழக்கம் முகத்திலேயே தங்கிவிட்டது. அப்படி ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தோழியாக வந்தவள்தான் அவர் மனைவி. கேமராவை இறக்கிய பிறகும் அவர் கண் மூடியே இருந்ததைப் பார்த்து, இவன் என்ன இவ்வளவு தைரியமாகக் கண்ணடிக்கிறான் என்று அவள் முறைத்தாளாம். பிறகு சிரித்தாளாம். விஷயம் தெரியவந்தபோது இவர்கள் கல்யாணமே முடிந்துவிட்டது. "ஏமாத்திக் கட்டிக்கிட்டார்," என்று இன்றைக்கும் யார் வந்தாலும் சொல்வாள்.

எல்லா வித்தைகளையும் அணைத்த பிறகு கடைசியாக வெள்ளையைப் பிடிப்பார். வெள்ளை லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. கொஞ்சம் நீலம் கூடினால் பளிச்சென்று இருக்கும், ஆனால் பொய். கொஞ்சம் மஞ்சள் கூடினால் படமே அழுக்குத் துணி. கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் பட்டைகள் மட்டும் வருகிற ஒரு டிஸ்க் வைத்திருந்தார். அதைப் போட்டுவிட்டு, எந்தப் பட்டையிலும் எந்த நிறமும் எட்டிப் பார்க்காத வரைக்கும் விட மாட்டார். இதற்கென்று திரையில் ஒட்டவைத்து அளக்கிற மீட்டர் வந்துவிட்டது. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். "மீட்டரா சோபாவுல உட்கார்ந்து படம் பார்க்கப் போகுது? மனுஷக் கண்ணுதானே பார்க்கப் போகுது," என்று அவர் தன் வலது கண்ணைத் தட்டிக் காட்டுவார். அந்தக் கண்தான் பெண்ணைப் படிக்கவைத்தது, கட்டிக்கொடுத்தது, சோறு போட்டது. அதன் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை வேறு எதன் மேலும் இருந்ததில்லை.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "என்ன சார், மஞ்சளா இருக்கு?" கடையின் நீலத்துக்குப் பழகிய கண்ணுக்கு உண்மையான வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். அவர் வயர்களைச் சுருட்டியபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வார்.

"ஒரு வாரம் பாருங்க, பழகிடும்."

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு அதிசயம் நடந்தது. மஞ்சள் புகார் மெல்ல மெல்ல நின்றுபோனது. "சூப்பர் சார், பளிச்சுனு இருக்கு," என்று முதல் நாளே சொல்ல ஆரம்பித்தார்கள். ஜனங்களுக்கு ஒருவழியாக ரசனை வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். மனைவியிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். அவள் "அப்படியா," என்றதோடு சரி. வழக்கமாக எதற்கும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுகிறவள்.

அந்த ரசனையும் நிலைக்கவில்லை. புகார் இந்த முறை வேறு திசையிலிருந்து வந்தது. ஒரு பேக்கரிக்காரர் தன் கடைக்காக எடுத்த விளம்பரப் படத்தைப் புது டிவியில் போட்டுக் காட்டி, "சார், ரொட்டி மேல பொன்னிறம் வரணும்னு நான் அடுப்புக்கிட்ட நின்னு சாகறேன். இதுல பூசணம் பூத்த மாதிரி தெரியுதே," என்றார். கண்ணடிக்காரர் இடது கண்ணை மூடிப் பார்த்தார். ரொட்டி ரொட்டியாகத்தான் இருந்தது.

"உங்க கண்ணு இன்னும் கடையிலயே நிக்குது. ஒரு வாரம் பாருங்க, பழகிடும்."

இருபது வருடமாக உண்மையாக இருந்த வாக்கியம். அதனால்தான் அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வினை சம்பந்தி வீட்டில் வந்தது. சம்பந்தி மரக்கடை வைத்திருந்தவர். வியாபாரத்தை மகனிடம், அதாவது கண்ணடிக்காரரின் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போது முழுநேரமும் படம் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ரிசீவரை வைத்துக்கொண்டு டிவியை மட்டும் பெரிதாக மாற்றினார். அன்று மாலை சொந்தக்காரர்களை எல்லாம் படம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். "நம்ம சம்பந்தி கை வெச்சாத்தான் படம்," என்று ஊரெல்லாம் சொல்லி வேறு வைத்திருந்தார். பெண் வாழ்கிற வீடு. கண்ணடிக்காரர் காலையிலேயே போய், வழக்கத்தைவிட நிதானமாக எல்லாவற்றையும் செய்தார். கடைசியில் வெள்ளையைப் பிடித்தார். சம்பந்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

சம்பந்தி திரையை உற்றுப் பார்த்தார். பிறகு மரியாதைக்காரர் ஆயிற்றே, கையைத் தேய்த்துக்கொண்டு, "அடடா, என்னா குளிர்ச்சி! ஏசியே வேண்டாம் போலிருக்கே சம்பந்தி!" என்றார்.

பெண் கதவோரம் நின்று அப்பாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, மாமனார் இருப்பதால் விழுங்கிக்கொண்டாள்.

ரிசீவரை ஸ்டாண்டுக்குள் தள்ளி வைக்கும்போது அதன் மேல்மூடி முழுக்கத் தூசி அடைத்திருந்ததைப் பார்த்தார். குனிந்து பலமாக ஊதினார். பாதித் தூசி அவர் வலது கண்ணிலேயே வந்து விழுந்தது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தவர், வேறு வழியில்லாமல் இடது கண்ணால் திரையைப் பார்த்தார். கதாநாயகி ஐஸ்பெட்டியிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள். உதடு ஊதா. பின்னால் இருந்த சுவர் வெளிர்நீலம். கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து வலது கண்ணால் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. இடது, நீலம். வலது, சரி. மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டே நின்றார்.

"இன்னைக்கு ரெண்டு கண்ணாலயும் அடிக்கிறாரே," என்று உள்ளே சம்பந்தியம்மா சிரிப்பது கேட்டது.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இடது கண் கெட்டுப்போய்விட்டது. கொஞ்சம் பயமாக இருந்தாலும் ஆறுதலாகவும் இருந்தது. இத்தனை வருடம் வேலைவெட்டி இல்லாமல் மூடிக்கிடந்த கண், போனால் போகிறது. படத்தை அப்படியே விட்டுவிட்டு, "ஒரு வாரம் பாருங்க சம்பந்தி, பழகிடும்," என்று சொல்லி வீட்டுக்கு வந்தார்.

"இடது கண்ணுல ஏதோ கோளாறு. எல்லாம் நீலமாத் தெரியுது," என்றார் மனைவியிடம்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள். "மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு டாக்டரம்மா இருக்காங்க. பொறுமையாப் பார்ப்பாங்க. சாயங்காலம் போனா கூட்டம் இருக்காது."

இவ்வளவும் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்கவைத்து, மறுபடி கூப்பிட்டு விளக்கடித்துப் பார்த்தார்.

"இடது கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே. நல்லா இருக்கு."

"நீலமாத் தெரியுது டாக்டர்."

"நீலமா இருக்கறது நீலமாத்தான் தெரியும். புரை விழுந்திருக்கறது வலது கண்ணுல. உள்ள இருக்கற லென்ஸ் பழுத்து மஞ்சளாயிடுச்சு. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்க்கற மாதிரி. இது நேத்து வந்தது இல்லை, ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும்."

"நீங்க வலது இடது மாத்திச் சொல்றீங்க," என்றார் அவர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவருடைய வலது தோளைத் தொட்டு, "இந்தப் பக்கம்," என்றார்.

கண்ணடிக்காரருக்குக் கணக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கண் மஞ்சளாக மஞ்சளாக, திரை மஞ்சளாக இருக்கிறது என்று நினைத்து நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஜனங்களுக்கு வந்த ரசனை எதனால் வந்தது என்றும் புரிந்தது. அவர் வெள்ளை, கடைக்காரனின் வெள்ளையை நோக்கி நடந்து போயிருக்கிறது. ஒரு இடத்தில் இரண்டும் கைகுலுக்கிக்கொண்டன, அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு அதையும் தாண்டிப் போய்விட்டார். பேக்கரிக்காரரின் ரொட்டி நினைவுக்கு வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

அறுவை சிகிச்சை ஒன்றும் பெரிய கூத்தாக இல்லை. போனார், படுத்தார், வந்தார். மறுநாள் கட்டைப் பிரித்தபோது ஆஸ்பத்திரிச் சுவர், செவிலியின் உடுப்பு, வாசலில் நின்ற ஆட்டோ எல்லாவற்றின் மேலும் நீலம் படர்ந்திருந்தது.

"டாக்டர், இப்ப இந்தக் கண்ணும் நீலமாத் தெரியுது!"

"இத்தனை நாளா நீலமே உள்ள போகாம இருந்துச்சு இல்ல? இப்ப போகுது. ஒரு வாரம் பாருங்க, பழகிடும்," என்றார் டாக்டரம்மா.

அவருக்கு எங்கோ சுருக்கென்றது.

டாக்டரம்மா சொன்னபடியே பழகிவிட்டது. இரண்டு கண்ணும் ஒரே வெள்ளையைக் காட்டின. இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பேசாமல் இருந்துவிடலாம். கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தொழில் போய்விடும். கண்ணைத் தட்டிக் காட்டிப் பிழைத்தவன் கண்ணே பழுது என்று சொன்னால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? ஆனாலும் இந்த இரண்டு வருடத்தில் போன வீடுகளில் எல்லாம் நீல முகங்கள் நடமாடிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு அவரைச் சாப்பிட விடவில்லை. தன் கையால் செய்த பொய் இத்தனை கூடங்களில் ஓடுவதை அவரால் தாங்க முடியவில்லை. பேர் போனால் போகட்டும் என்று கிளம்பிவிட்டார். சொந்த வீட்டு டிவியை அவர் நினைக்கவே இல்லை. நாள் முழுக்கத் திரை பார்க்கிறவருக்கு வீட்டில் டிவி என்றாலே அலுப்பு. எப்போதாவது ஒரு முறை உட்கார்ந்து இடது கண்ணை மூடிச் சரிசெய்துவிட்டு எழுந்துவிடுவார். அவர் ஓய்வில் இருந்த நாட்களில் கண் கூசும் என்று மனைவி அதைப் போடவும் இல்லை.

முதலில் சம்பந்தி வீடு. சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோர்த்துக்கொண்டு போனார். சாம்பல் பட்டை டிஸ்க்கைப் போட்டார். அவர் வைத்த எதுவும் அங்கே இல்லை. கடையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, எல்லா வித்தைகளோடும் டிவி கூவிக்கொண்டிருந்தது.

சம்பந்தி நெளிந்தார். "அன்னைக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் ஒரே கலாட்டாவாப் போச்சு. உங்க மாப்பிள்ளைதான் ஏதோ ஒரு பட்டனை அழுத்தினான், பழையபடி ஆயிடுச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்க பொண்ணு சத்தியம் வாங்கிட்டா."

அடுத்து பேக்கரிக்காரர். அவரிடம் ஒளிவுமறைவு கிடையாது. "நீங்க கேட்டைத் தாண்டினீங்களோ இல்லையோ, மாத்திட்டேன் சார்."

"தப்பு என்னோடதுதான். கண்ணுல புரை இருந்தது. தெரியாம நீலமா வெச்சுட்டேன்," என்றார் கண்ணடிக்காரர். சொல்லியே விட்டார். நெஞ்சு லேசானது.

"அட, அதுக்கென்ன சார். போன டிவிக்கு நீங்க பண்ணினதையும் அன்னைக்கே மாத்திட்டேனே."

"அது நல்லாத்தானே இருந்துச்சு? அப்ப எனக்குக் கண்ணு சரியா இருந்த காலம்."

"இருந்துச்சு சார். ஆனா மஞ்சளா இருந்துச்சு."

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் கரண்ட் போய் வந்தபோது தானாக மாறிவிட்டதாம். ஒரு வீட்டில் மருமகள் மாற்றினாள், ஒரு வீட்டில் யார் மாற்றினார்கள் என்பதே சண்டையாக இருந்தது. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், டீ கொடுத்தார்கள். நீல முகங்கள் எங்கேயும் நடமாடவில்லை. அவரால் யாருக்கும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். தப்பை ஒப்புக்கொள்ளத் துணிந்து போனவருக்கு, சரியாகச் செய்ததும் யாரிடமும் தங்கவில்லை என்று தெரிந்ததுதான் மிச்சம். பஸ்ஸில் வரும்போது இருபது வருடத்து வீடுகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். செய்தி வாசிக்கிறவளின் முகம் நீலமாக இருந்தது. சம்பந்தி வீட்டில் பார்த்ததை விடவும் நீலம். பின்னால் இருந்த வரைபடம், அவள் கை, ஓரத்தில் ஓடிய எழுத்து எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடந்தன.

"இது எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"நீங்க வெச்சதுதானே," என்றாள் அவள்.

"நீ எதையும் தொடலையா?"

"நான் எதுக்குத் தொடறேன்?"

அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்கு நீலமாத் தெரியலையா?"

"தெரியாம என்ன. முதல்ல என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சேன். நீங்க சரிபண்ணினது எப்படித் தப்பா இருக்கும்? டாக்டரம்மாகிட்ட போய்க் காட்டினேன். என் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிட்டாங்க."

"எப்போ?"

"போன வருஷம்."

மார்க்கெட்டுக்குப் பின்னால், சாயங்காலம் போனால் கூட்டம் இருக்காது. அவருக்கு இப்போது புரிந்தது. இவள் கண் நல்லாயிருக்கிறது என்றால் சந்தேகப்பட மிச்சம் இருந்தது அவருடைய அந்த ஒரே ஒரு கண்தான்.

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது?" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "உங்க கண்ணு போச்சுன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா? நீங்களா ஒரு நாள் கண்டுபிடிப்பீங்க, அதுவரைக்கும் இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். ஒரு வாரம் பாரு, பழகிடும்னு சொன்னீங்க. நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்." திரையைப் பார்த்தாள். "பழகலை."

எத்தனையோ வீடுகளில் அன்றைக்கே அழிந்துபோன அவர் கைவேலை, ஒரே ஒரு வீட்டில்தான் வைத்தது வைத்தபடி இருந்திருக்கிறது. அதுவும் இந்த நீலம்.

ரிமோட்டை எடுத்து நிறம் மாற்றும் இடத்துக்குப் போனார். இடது கண் தானாக மூடிக்கொண்டது. அதைத் திறந்தார்.

"நீ சொல்லு," என்றார். "முகம் முகமாத் தெரியும்போது நிறுத்தச் சொல்லு."

"எனக்கென்ன தெரியும் அதெல்லாம்?"

"பார்த்துச் சொல்லு."

நீலத்தை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். செய்தி வாசிக்கிறவள் தண்ணீருக்கு அடியிலிருந்து மெல்ல மேலே வந்தாள். மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, வெகு சிரத்தையாகப் பார்த்தாள்.

"போதும்," என்றாள்.

அவர் கண்ணுக்கு இன்னும் ஒரு புள்ளி பாக்கி இருந்தது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.